விட்ட பிறகு வரும் இருமல்

"சிகரெட்டை விட்டாப் பிறகுதான் எனக்கு இருமலே வந்தது." திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். கொட்பேயில் வலை பொத்திக்கொண்டிருப்பவரும் சொல்வார், சீனன்குடாவில் லொறியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் சாரதியும் சொல்வார். இருபது வருஷம் பத்தியபோது ஒரு வருத்தமும் இல்லையாம். விட்டு இரண்டு கிழமைக்குள் நெஞ்சில் சளி, வாயில் புண், வயிறு இறுக்கம், இரவில் நித்திரையில்லை. இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு அவர்கள் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: உடம்புக்குப் புகை பழகிவிட்டது, இனி நிறுத்தினால் உடம்பு தாங்காது. அடுத்த நாள் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் ஒன்றை வாங்கிவிடுவார்கள்.

அவர்கள் இல்லாததைச் சொல்லவில்லை. இருமல் உண்மை, வாய்ப்புண் உண்மை, நித்திரை கெடுவதும் உண்மை. ஆய்வுகளிலும் இவை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. பிழையானது அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான். விடுவதற்குத் துணிந்த ஒருவர், தன் உடம்பு சீராகிவரும் அடையாளத்தையே நோயென்று எண்ணித் திரும்பப் பத்தத் தொடங்குவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. புகையை விடச் சொல்லும் அறிவித்தல்கள் ஊரெங்கும் இருக்கின்றன. இலங்கையில் சிகரெட் பெட்டியின் பரப்பில் 80 வீதத்தை எச்சரிக்கைப் படங்களே பிடித்திருக்கின்றன. ஆனால் விட்ட அடுத்த கிழமை உடம்பில் என்ன நடக்கும் என்பதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்வதில்லை. அதை முறையாகப் பார்ப்போம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் காரணம் உண்டு, தனிக் கால அளவும் உண்டு. சில மணிக்கணக்கில் நடப்பவை, சில கிழமைக்கணக்கில், சில வருஷக்கணக்கில்.

முதலில் நடப்பது கண்ணுக்குத் தெரியாதது, குருதியில் நடப்பது. புகையிலை எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. பீடியானாலும் சுருட்டானாலும் இது உண்டு. பீடி இலையில் சுற்றியது, அதனால் உடம்புக்கு மெதுவானது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் பீடி அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் இந்த வாயு சிகரெட்டை விடக் குறைவாக உள்ளே போவதில்லை, பல அளவீடுகளில் கூடுதலாகவே இருந்திருக்கிறது.

அந்த வாயு செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, கரையோரப் பாலங்கள் வருவதற்கு முன் கொட்டியாரக்குடாவைக் கடந்து மூதூருக்கு ஆட்களை ஏற்றிய லாஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள். குருதியின் சிவப்புக்குக் காரணமான ஈமோகுளோபின் அப்படியொரு லாஞ்சி. ஒவ்வொன்றிலும் நான்கு ஆசனங்கள். சுவாசப்பை என்ற துறையில் ஒட்சிசன் ஏறும், தசையிலும் மூளையிலும் இதயத்திலும் இறங்கும், வெறும் லாஞ்சி திரும்பி வரும். காபனோரொட்சைட்டும் அதே ஆசனத்தில் ஏறக்கூடியது. ஆனால் ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஆசனத்தைப் பிடித்துக்கொள்ளும், அக்கரையில் இறங்காது, அடுத்த பயணத்திலும் அங்கேயே இருக்கும். இன்னொரு கெடுதியும் செய்கிறது: அது ஏறிய லாஞ்சியில் மற்ற ஆசனங்களிலுள்ள ஒட்சிசனும் இலகுவில் இறங்குவதில்லை. தொடர்ந்து புகைக்கும் ஒருவரின் குருதியில் பொதுவாக நூற்றுக்கு 3 முதல் 8 வரையான ஆசனங்கள் இப்படி அடைபட்டிருக்கும், கடுமையாகப் புகைப்பவருக்கு அதற்கும் மேலே. சும்மா இருக்கும்போது இந்தக் குறை தெரியாது. சங்கு குளிக்க மூச்சடக்கி இறங்குபவருக்கும், ஏற்கெனவே இதயக்குழாய் சுருங்கியவருக்கும் அது பெரிய குறை.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற உடற்றொழிலியலாளர் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் சாவதன் காரணத்தைத் தேடியபோது, இந்த வாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்தார். இடையிடையே தன் குருதியில் ஒரு துளி எடுத்து, அதன் நிறத்தை அளவான சாயக் கரைசலோடு ஒப்பிட்டார். காபனோரொட்சைட்டு ஏறிய குருதி வழமையான குருதியைவிட இளஞ்சிவப்பாக மாறும் என்பதுதான் அவருடைய அளவுகோல். ஈமோகுளோபினில் பாதிக்கு மேல் அடைபட்டு, கால் தள்ளாடும் வரை அவர் போனார். 1895இல் வெளியான அந்த ஆய்வுதான் இன்றைய அறிவுக்கு அடித்தளம். அதே ஹால்டேன் பின்னர் பிரித்தானியக் கடற்படைக்காக, ஆழத்திலிருந்து சுழியோடிகள் எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் தயாரித்துக் கொடுத்தார். 1957 வரை நமது துறைமுகத்தைத் தளமாக வைத்திருந்த கடற்படை அது.

நல்ல செய்தி என்னவென்றால், காபனோரொட்சைட்டு இறுக்கமாகப் பிடித்தாலும் நிரந்தரமாகப் பிடிப்பதில்லை. சுத்தமான காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் நான்கைந்து மணித்தியாலத்தில் அதன் அளவு பாதியாகும், அடுத்த நான்கைந்து மணித்தியாலத்தில் அந்தப் பாதியும் பாதியாகும். ஒருநாள் முழுக்கப் புகைக்காவிட்டால் புகைக்காதவரின் அளவுக்குக் கிட்ட வந்துவிடும். குருதி எடுக்காமலே இதை அளக்கலாம். மூச்சைச் சில விநாடி அடக்கி ஒரு சின்னக் கருவிக்குள் ஊதினால் போதும், எண் திரையில் விழும். நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவதைப் போல ஊக்கம் தரக்கூடியது, விட நினைப்பவருக்கு வேறில்லை என்று நினைக்கிறேன்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் புல்மோட்டையிலும் வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கை ஆயிரக்கணக்கானோர் தம் உடம்பில் செய்து பார்க்கிறார்கள். நோன்பு மாதத்தில் ஸஹர் முடிந்ததிலிருந்து மாலை நோன்பு துறக்கும் வரை ஏறத்தாழ பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலம் புகை இல்லை. காலையில் நூற்றுக்கு 6 ஆசனம் அடைபட்டிருந்தால், பகலுக்குள் 3 ஆகி, மாலையில் ஒன்றரைக்குக் கீழே போயிருக்கும். சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் களைத்திருக்கும் அதே உடம்பின் குருதி, ஒட்சிசனைச் சுமப்பதில் காலையைவிடத் திறமாக இருக்கிறது. நோன்பு துறந்ததும் பத்தும் முதற் சிகரெட் தலையைச் சுற்ற வைப்பதைப் பலர் சொல்வார்கள். அதற்குக் காரணம் வேறொரு பொருள், நிக்கொட்டின்.

நிக்கொட்டின் மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை வாங்கிகள் என்று பாடநூல்கள் சொல்கின்றன. நரம்புக் கலங்களின் மேலே இருக்கும் இந்த வாங்கிகள் உடம்பு தானே உண்டாக்கும் அசற்றைல்கோலின் என்ற செய்திப் பொருளுக்காக அமைந்தவை. நிக்கொட்டின் அதே இடத்தில் பொருந்திவிடுகிறது. நாள் முழுக்க அது வந்துகொண்டேயிருந்தால் வாங்கிகள் மரத்துப்போகின்றன, மூளை அதற்கு ஈடாக வாங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. சில மணித்தியாலம் நிக்கொட்டின் வராவிட்டால் மரத்த வாங்கிகள் விழிக்கின்றன. நிக்கொட்டினின் பாதி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் குருதியிலிருந்து போய்விடுவதால் இந்த விழிப்பு விரைவில் நடக்கும். அந்நேரம் வரும் முதல் இழுப்பு முழுப் பலத்தோடு தாக்கும், தலை சுற்றும். இழுப்பு வராவிட்டால் அத்தனை வாங்கிகளும் வெறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். எரிச்சல், எதிலும் மனம் குவியாமை, காரணமில்லாத கோபம், ஓயாத பசி என்று வெளியே தெரிவது இதுதான்.

கதிரியக்கச் சுவடுள்ள ஒரு பொருளை மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் ஏற்றி, அது மூளையில் எங்கெங்கே எவ்வளவு ஒட்டுகிறது என்று படமெடுத்து வாங்கிகளை எண்ணியிருக்கிறார்கள். புகைப்பவர்களிடம் கூடுதலாக இருந்த எண்ணிக்கை, விட்ட பிறகு மூன்று கிழமைக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் மற்றவர்களின் அளவுக்கு இறங்கியது. வெளியில் நாம் காண்பதோடு இது பொருந்துகிறது. எரிச்சலும் கோபமும் முதற் கிழமையில் உச்சத்தில் இருக்கும், பெரும்பாலானோருக்கு ஒரு மாதத்துக்குள் தணிந்துவிடும். வீட்டிலுள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தால் நல்லது. அந்தச் சில கிழமை அவரோடு வாதாடாமல் விடுங்கள்.

இனி இருமலுக்கு வருவோம். சுவாசக் குழாய்களின் உட்சுவரில் பிசிர்கள் என்ற நுண்ணிழைகள் கோடிக்கணக்கில் உண்டு. அவை விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஒரே திசையில் அசைந்து, மேலே படர்ந்திருக்கும் சீதத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நாம் சுவாசித்த தூசியும் கிருமியும் அந்தச் சீதத்தில் ஒட்டி மேலே வந்து, நமக்குத் தெரியாமலே விழுங்கப்பட்டுவிடும். புகை இந்தப் பிசிர்களைச் சோர வைக்கிறது, நாளடைவில் குட்டையாக்குகிறது, சில இடங்களில் இல்லாமலே செய்துவிடுகிறது. மறுபக்கத்தில் சீதத்தைச் சுரக்கும் கலங்களைப் பெருக்குகிறது. அதனால் சளி கூடுகிறது, ஆனால் தள்ளுவதற்கு ஆளில்லை.

இதைக் காட்டிய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் டேவிட் கோஹென் என்பவரும் கூட்டாளிகளும் மக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தின் மிக நுண்ணிய, தீங்கில்லாத தூளைச் சிலருக்குச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். காந்தத்துக்கு இழுபடும் கரிய தூள் அது. புல்மோட்டைக் கரையின் கருமணலைக் கையில் அள்ளியவர்களுக்கு இரும்புக் கனிமத்தின் அந்தக் கருமை தெரியும், அங்கே பெரும்பங்கு இல்மனைட் என்றாலும். நெஞ்சுக்கு வெளியே நுட்பமான காந்தமானியை வைத்து, உள்ளே எவ்வளவு தூள் மிச்சமிருக்கிறது என்று மாதக்கணக்கில் அளந்தார்கள். ஏறத்தாழ ஒரு வருஷத்தின் பின் புகைக்காதவர்களின் சுவாசப்பையில் பத்திலொரு பங்கே மிச்சமிருந்தது, புகைப்பவர்களிடம் பாதி அப்படியே இருந்தது. 1979இல் வெளியான இந்த ஆய்வில் பங்குகொண்டவர்கள் சிலரே. ஆனாலும் நெஞ்சைத் திறக்காமல், கதிர்வீச்சும் படாமல், சுவாசப்பை தன்னைத் துப்புரவாக்கும் வேகத்தை அளந்தார்களே, அந்த யோசனையின் அழகு இன்றைக்கும் குறையவில்லை.

பிசிர்களின் வேகத்தை அளக்க இன்னும் எளிய வழி உண்டு. மூக்கினுள் முன்பக்கமாக ஒரு துணிக்கை சக்கரீனை வைத்துவிட்டு, தொண்டையில் இனிப்புத் தெரிய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். மூக்கின் பிசிர்களும் சுவாசக் குழாயின் பிசிர்களும் ஒரே இனம். புகைக்காதவருக்குப் பொதுவாக இருபது நிமிடத்துக்குள் இனிப்பு வந்துவிடும், புகைப்பவருக்குப் பிந்தும். விட்டவர்களிடம் அந்த நேரம் மறுபடி குறைகிறது.

பிசிர்கள் மீண்டு வேலை தொடங்கும்போது தேங்கிய சளி அசையும், இருமல் வரும் என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். அது பாதி விளக்கம் என்பது என் எண்ணம். மறுபாதி நரம்பில் இருக்கிறது. நியூயோர்க்கிலும் லித்துவேனியாவிலும் உள்ள வைத்தியர்கள் சேர்ந்து 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் என்ற பொருளைக் கரைத்து, மெல்லிய ஆவித்துளிகளாகச் சுவாசிக்கக் கொடுத்து, ஐந்து தடவை இருமும் வரை செறிவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். செத்தல் மிளகாய் வறுக்கும் குசினியில் நின்ற எவருக்கும் இந்தச் சோதனை புதிதல்ல. புகைப்பவர்களை இரும வைக்கக் கூடுதல் செறிவு தேவைப்பட்டது. அதாவது வருஷக்கணக்கான புகை அவர்களுடைய இருமல் நரம்புகளை மழுக்கி வைத்திருந்தது. புகையை விட்ட இரண்டே கிழமையில் அந்த நரம்புகள் கூர்மையடையத் தொடங்கிவிட்டன.

இருபது வருஷம் வருத்தமில்லை என்று அந்தச் சாரதி சொன்னதன் பொருள் இப்போது வேறாகிறது. சளி அப்போதும் இருந்தது. அதை அறிவிக்க வேண்டிய நரம்பு உறங்கிக்கிடந்தது. விட்ட பிறகு சிலருக்குக் கூடும் இந்த இருமல் பெரும்பாலும் சில கிழமையில் குறைந்துவிடும். எல்லோருக்கும் அது வருவதுமில்லை. பலருக்கு விட்ட ஒன்றிரண்டு மாதத்தில் பழைய காலைநேர இருமலே இல்லாமற் போகிறது.

வாய்ப்புண்ணைச் 'சூடு' என்று சொல்லி இளநீர் குடிப்பது நம் பழக்கம், இளநீர் குடிப்பதில் தவறுமில்லை. ஆனால் காரணம் வாயின் தோலில் இருக்கிறது. தொடர்ந்து புகை படும் வாயின் உட்தோல் தடித்து, காய்ப்பேறியது போலாகிவிடும். விட்டதும் அது பழையபடி மெல்லியதாகும்போது சிறு காயங்களும் புண்ணாகத் தெரிகின்றன என்று கருதப்படுகிறது. விட்டவர்களில் கணிசமானோருக்கு இது வரும், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் ஆறும். வயிறு இறுகுவதற்கும் இப்படி நேரான காரணம் உண்டு. நிக்கொட்டின் குடலின் அசைவைத் தூண்டும், காலையில் ஒன்றைப் பத்தாமல் மலம் போகாது என்று சிலர் சொல்வது அதனால்தான். அந்தத் தூண்டல் நின்றதும் விட்டவர்களில் ஆறில் ஒருவர் அளவில் மலச்சிக்கலைச் சொல்கிறார்கள். தண்ணீர், கீரை, பழம், நடை என்று சாதாரண வழிகளே போதும்.

நித்திரை கெடுவதற்கு நாம் சந்தேகிக்காத ஒரு குற்றவாளி இருக்கிறது: தேத்தண்ணி. புகையிலுள்ள தார்ப் பொருள்கள் ஈரலில் ஒரு நொதியத்தைப் பெருக்கிவிடுகின்றன. அந்த நொதியம்தான் தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீனை உடைப்பது. ஆகவே புகைப்பவர் குடித்த தேநீரின் கஃபீன் வெகு சீக்கிரம் உடைந்து போய்விடும், ஒரு நாளைக்கு ஆறு ஏழு பிளேன்டீ குடித்தாலும் ஒன்றும் செய்யாது. புகையை விட்ட சில நாட்களில் நொதியத்தின் அளவு இறங்குகிறது. அதே ஆறு ஏழு கோப்பையைத் தொடர்ந்து குடிப்பவரின் குருதியில் கஃபீன் முன்னைய அளவைப் போல இரண்டு மடங்காகவோ அதற்கு மேலோ ஏறிவிடும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், இரவில் கண் மூடாது. "சிகரெட் இல்லாமல் நடுக்கம் வந்துவிட்டது" என்று ஆள் பயந்துபோவார். துறைமுகத்தில் தேத்தண்ணியும் சிகரெட்டும் ஒரே கடையில், ஒரே கையில் இருப்பவை. ஒன்றை விடும்போது மற்றதைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள் என்று சொல்வதற்குப் பணச் செலவே இல்லை.

இதே நொதியம் சில மருந்துகளையும் உடைக்கிறது. முட்டு வருத்தத்துக்குக் கொடுக்கும் தியோபிலின், மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின், ஓலன்சபின் ஆகியவை அவற்றிற் சில. புகைக்கும் நோயாளிக்கு அளவாக இருந்த மருந்து, அவர் விட்ட பிறகு கூடுதலாகிவிடலாம். இதைச் செய்வது நிக்கொட்டின் அல்ல, எரிந்த புகை. அதனால் நிக்கொட்டின் பட்டி ஒட்டியிருந்தாலும் இந்த மாற்றம் நடந்தே தீரும்.

நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவரோடு ஆனி மாதக் கடைசியில் பேசிக்கொண்டிருந்தேன். கயிறு பிடித்துக் காய்த்த கை. வலக்கையின் சுட்டுவிரல் நகத்தில் நுனிப்பக்கம் கரும்மஞ்சள், அடிப்பக்கம் சுத்தமான வெளிர்சிவப்பு. இரண்டுக்கும் இடையே கோடு கீறியது போலத் தெளிவான எல்லை. "எப்ப விட்டனீங்க ஐயா?" என்று கேட்டேன். "வருஷப்பிறப்போட விட்டுட்டன் தம்பி, உமக்கு ஆர் சொன்னது?" என்று என் முகத்தைப் பார்த்தார். சொன்னது நகம்தான். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும். சுத்தமான பகுதி ஏழெட்டு மில்லிமீற்றர் இருந்தது, அப்படியென்றால் இரண்டரை மாதம், சித்திரை நடுப்பகுதி. மஞ்சளுக்குக் காரணம் நிக்கொட்டினைவிடப் பெரும்பாலும் தார். பழைய நகத்தில் ஏறிய கறை அதிலேயே நிற்கும், அடியிலிருந்து வரும் புது நகத்துக்குக் கறை கொடுக்க யாருமில்லை. வைத்தியர்கள் இதை 'விட்டவர் நகம்' என்றே எழுதியிருக்கிறார்கள். திடீரென நோயுற்று வைத்தியசாலையில் கிடப்பவர்களின் விரலிலும் இதைக் காணலாம், அவர்கள் கடைசியாகப் புகைத்த நாளை நகத்திலிருந்து கணக்கிடலாம். ஆறு மாதம் போனால் மஞ்சள் முழுவதும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.

மணமும் உருசியும் திரும்புவது மெதுவாக. இரண்டு நாளில் எல்லாம் வந்துவிடும் என்று சில துண்டுப்பிரசுரங்கள் சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். சிலருக்குச் சில நாளிலேயே கருவாட்டின் வாசம் மூக்கில் ஏறும். நீண்டகாலம் கடுமையாகப் புகைத்தவருக்கு மணவுணர்வு முழுமையாக மீள வருஷங்களும் எடுக்கலாம். எடை கூடுவதையும் மறைக்கத் தேவையில்லை. நிக்கொட்டின் பசியை அடக்கி, உடம்பு எரிக்கும் சக்தியைச் சற்றுக் கூட்டி வைத்திருந்தது. விட்டவர்களின் எடை முதல் வருஷத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். சிலருக்கு எடை குறைந்ததும் உண்டு. அந்த நான்கைந்து கிலோவால் வரும் கெடுதி, தொடர்ந்து புகைப்பதால் வரும் கெடுதிக்குக் கிட்டவும் வராது.

கண்ணுக்குத் தெரியும் இந்த மாற்றங்களுக்கு அப்பால், ஆழத்தில் என்ன நடக்கிறது? சுவாசப்பையின் நுனியிலுள்ள சிற்றறைகளின் சுவர் உடைந்து போயிருந்தால் அது திரும்பக் கட்டப்படுவதில்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இளைப்பு வந்தவருக்கு விடுவதால் கிடைப்பது, மிச்சமிருப்பது வேகமாகக் குறையாமல் நிற்பது. வருஷாவருஷம் சுவாசக் கொள்ளளவு இறங்கும் வேகம் விட்டவர்களிடம் புகைப்பவர்களைவிட ஏறத்தாழப் பாதியாக இருப்பதை நீண்டகால அளவீடுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் சுவாசக் குழாயின் உட்தோலில் 2020இல் கண்டது யாரும் எதிர்பாராதது. பிரித்தானிய ஆய்வாளர்கள் 16 பேரின் குழாய்களிலிருந்து கலங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்த்து, டிஎன்ஏயை முழுமையாக வாசித்தார்கள். புகை ஏற்படுத்தும் டிஎன்ஏ மாற்றங்களுக்குத் தனியான சாயல் உண்டு என்பதால், எந்தக் கலம் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று எண்ண முடிந்தது. புகைப்பவர்களின் கலங்களில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கான கூடுதல் மாற்றங்களைச் சுமந்திருந்தன. விட்டவர்களிடமோ ஒருபோதும் புகைக்காதவரின் கலங்களைப் போன்ற சுத்தமான கலங்கள், புகைப்பவர்களிடம் இருந்ததைப் போல நான்கு மடங்கு இருந்தன. சிலரில் நூற்றுக்கு 40 வரை. அடிபட்ட கலங்கள் தம்மைத் திருத்திக்கொண்டதாக இதற்குப் பொருளில்லை. எங்கோ புகை எட்டாமல் ஒதுங்கியிருந்த கலங்கள், புகை நின்றதும் பெருகி அடிபட்ட கலங்களின் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பத்துப் பதினைந்து வருஷத்தில் புற்றுநோய் ஆபத்து ஏன் அவ்வளவு இறங்குகிறது என்ற பழைய கேள்விக்கு இது ஒரு நல்ல பதில்.

அந்தக் கேள்வியை முதலில் எழுப்பியது பிரித்தானிய வைத்தியர்களிடம் நடந்த ஓர் எளிய விசாரணை. ரிச்சர்ட் டோலும் ஒஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில்லும் 1951இல் வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி, நீங்கள் புகைக்கிறீர்களா என்று கேட்டார்கள். 34,439 ஆண் வைத்தியர்களின் பதில்களை வைத்துக்கொண்டு, யார் எப்போது எதனால் இறந்தார் என்பது ஐம்பது வருஷம் பின்தொடரப்பட்டது. 2004இல் வந்த முடிவின்படி, 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 வருஷ ஆயுளை மீட்டார். 50இல் விட்டவர் 6, 40இல் விட்டவர் 9, 30இல் விட்டவர் 10. அறுபது வயதில் இனி விட்டு என்ன என்று கேட்பவர்களுக்கு அந்த மூன்று வருஷத்தை நான் எப்போதும் சொல்வதுண்டு. பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதைப் பார்க்க அது போதும்.

விட்ட பிறகு வரும் எல்லாவற்றையும் விட்டதன் கணக்கிலேயே எழுதிவிடவும் கூடாது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் சுமார் 43,000 ஆண்களின் மரணங்களை வேந்தன் கஜலட்சுமியும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். காசநோயால் இறக்கும் ஆபத்து புகைக்காதவரைப் போல நான்கு மடங்கு புகைத்தவர்களுக்கு இருந்தது. அங்குள்ள பீடியும் இங்குள்ள பீடியும் ஒன்றுதான். ஆகவே புகைத்தவரின் சளியில் இரத்தம் கண்டால், மாலையில் காய்ச்சல் வந்தால், சாப்பிட்டும் உடம்பு மெலிந்தால் காத்திருக்கக் கூடாது. இவை இல்லாவிட்டாலும் இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் சளியைச் சோதித்துவிடுவது நல்லது. நெஞ்சில் பாரம் ஏறி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அதே நிமிடம் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சளிப் பரிசோதனை அரசாங்க மார்புச் சிகிச்சை நிலையங்களில் இலவசம். போகும்போது புகையை விட்ட திகதியையும் சொல்லுங்கள், மருந்தின் அளவைத் தீர்மானிக்க வைத்தியருக்கு அது தேவைப்படும்.